பொதுச் சுவர்

நெய்வேலி டவுன்ஷிப்,
18.7.2021

அன்பு நண்பன் வைத்திலிங்கத்துக்கும் தங்கச்சி மாணிக்கம்மாளுக்கும் சைமன்ராஜ் எழுதுவது. கர்த்தர் கிருபையில் இங்கே நான், லிடியா, அலெக்ஸ் மூவரும் சுகம். உனக்கு இருமல் முழுதாக நின்றதா? வாய்க்கு ருசி திரும்பிவிட்டதா?

‘இங்கே’ என்று எழுதும்போது எனக்கே சிரிப்பு வருகிறது. உனக்கும் எனக்கும் நடுவில் ஒரு செங்கல் சுவர்தான் இருக்கிறது. நீ தும்மினால் என் வீட்டில் கேட்கும். ஆனாலும் நேரில் வர இன்னும் மனம் துணியவில்லை. போனில் பேசலாம் என்றால் நான் பாதி சொல்வதற்குள் நீ மீதியைச் சொல்லி முடித்துவிடுவாய். அதனால் எழுதி உன் கேட்டில் செருகிவிட்டுப் போகிறேன். கையில் சானிடைசர் தடவிக்கொண்டுதான் செருகுகிறேன், பயப்படாமல் பிரி.

விஷயம் அந்த வடலூர் மனைதான். எனக்கு அடுத்த மே மாதம் ரிட்டையர்மென்ட், உனக்கு அதற்கு ஆறு மாதம் கழித்து. குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு வடலூரில் பக்கத்துப் பக்கத்து மனையில், இப்போது இருப்பது மாதிரியே நடுவில் ஒரே பொதுச் சுவர் வைத்து ஜோடி வீடு கட்டுவது என்று நாம் பேசி வைத்து மூன்று வருடம் ஆகிறது. சமையலறையும் சமையலறையும் முதுகு ஒட்டி இருக்க வேண்டும் என்று வீட்டுக்காரிகள் இரண்டு பேரும் கண்டிஷன் போட்டார்கள். ஒரு தட்டு தட்டினால் ‘இருக்கியா’, மூன்று தட்டு தட்டினால் ‘ஓடி வா’ என்று பத்தொன்பது வருடமாகக் கரண்டிக் காம்பால் பேசிக்கொண்டவர்கள், அதை விட மனமில்லை அவர்களுக்கு. நமக்கும்தான் அந்தச் சுவர் உதவியாக இருந்தது. நைட் ஷிப்டுக்குப் போகும்போது வீட்டை நினைத்து நாம் ஒருநாளாவது கவலைப்பட்டிருக்கிறோமா?

ஆனால் வைத்தி, காலம் மாறிவிட்டது. நம்மோடு சுரங்கத்துக் கன்வேயரில் வேலை பார்த்த கொளஞ்சியப்பன் இப்போது மனை வீடு காட்டிக்கொண்டிருக்கிறார் அல்லவா, அவரைப் பார்த்தேன். முன்பெல்லாம் வடலூரில் பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கிற தூரத்தில் கேட்பார்களாம், இல்லாவிட்டால் பிள்ளைகளுக்குப் பக்கத்தில் சென்னையில் ஃபிளாட் கேட்பார்களாம். இப்போது வருகிறவர்கள் முதல் கேள்வியாகப் பக்கத்து வீடு எவ்வளவு தூரம் என்றுதான் கேட்கிறார்களாம். தனிக் காம்பவுண்டு, வாசலிலேயே கை கால் கழுவக் குழாய், காய்ச்சல் வந்தால் ஒருவரைத் தனியாகப் படுக்க வைக்க பாத்ரூமோடு ஒரு அறை, பிள்ளை வீட்டிலிருந்து வேலை பார்க்க ஒரு அறை. இதெல்லாம் இருந்தால்தான் அட்வான்ஸ் பற்றியே பேசுகிறார்களாம்.

அலெக்ஸைப் பார். ஒன்றரை வருடமாக நடு அறையில் கட்டில் மேல் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு முதுகு வளைந்து உட்கார்ந்திருக்கிறான். இனிமேல் ஆபீஸ் என்பதே கிடையாது, ஊரிலிருந்தே வேலை என்கிறான். அவனுக்கு ஒரு அறை வேண்டாமா? முத்தாண்டிக்குப்பம் ரோட்டில் முந்திரித் தோப்புக்கு நடுவில் ஒரு மனை வந்திருக்கிறது. சுற்றிலும் காற்று, ஒரு தொந்தரவும் கிடையாது. அதை முடித்துவிடலாம் என்றிருக்கிறேன்.

வடலூர் மனைக்காரர் இரண்டு மனையையும் சேர்த்துத்தான் கொடுப்பார் என்பது எனக்கும் ஞாபகம் இருக்கிறது. உன் அப்பா காலத்திலிருந்து அடுத்தவன் வயலிலேயே உழைத்த குடும்பம், உன் பெயரில்தான் முதல் பத்திரம் என்று நீ சொல்லிக்கொண்டிருந்ததும் மறக்கவில்லை. வேறு யாராவது நல்ல ஆளாகச் சேர்த்துக்கொள், கிடைக்காமலா போவார்கள்?

இன்னொன்று. மே மாதம் உனக்கு மூச்சு முட்டிய அன்றைக்கு மாணிக்கம்மாள் சுவரைத் தட்டியதாக உன் மகள் மணிமொழி போனில் சொன்னாள். அந்த நேரம் எங்கள் வீட்டில் மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது. அதனால்தான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் வராமல் இருப்போமா? தங்கச்சி தப்பாக நினைக்க வேண்டாம்.

உடம்பைப் பார்த்துக்கொள். முட்டை சாப்பிடு.

இப்படிக்கு,
அன்புள்ள,
சைமன்ராஜ்


முத்தாண்டிக்குப்பம் ரோடு,
9.2.2025

அன்புள்ள வைத்திக்கும், தங்கச்சி மாணிக்கம்மாளுக்கும்,

நீங்கள் இருவரும், மகள் மணிமொழியும், மருமகனும், பேரப்பிள்ளைகளும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கக் கர்த்தரை வேண்டிக்கொண்டு எழுதுகிறேன். உங்கள் சென்னை விலாசத்தை மணிமொழியிடம் கேட்டு வாங்கினேன். ஒன்பதாவது மாடி என்று எழுதிக்கொண்டபோது, நீ லிப்டில் போகும்போது கண்ணை மூடிக்கொள்வாயா, இல்லை மைன்ஸில் இறங்குகிற பழக்கத்தில் தைரியமாக நிற்பாயா என்று யோசித்தேன்.

முன்பு ஒரு சுவர் தூரத்தில் இருந்தபோது கடிதம் எழுதினேன். இப்போது இருநூறு கிலோமீட்டர் தூரம். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். அன்றைக்குப் பொய்யைக் கடிதத்தில் எழுதினேன். அதனால் உண்மையையும் கடிதத்தில்தான் எழுத வேண்டும். அதற்கு முன்னால் லிடியாவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

செப்டம்பர் மாதம் அவளுக்குப் பக்கவாதம் வந்தது மணிமொழிக்குத் தெரியும், உங்களிடமும் சொல்லியிருப்பாள். லேசாக வந்தது, தேறிவிட்டாள் என்று நான்தான் சொல்லச் சொன்னேன். லேசு இல்லை வைத்தி. வலது கையும் காலும் வரவில்லை, பேச்சும் போய்விட்டது. நான் சொல்வதெல்லாம் அவளுக்குப் புரிகிறது, திருப்பிச் சொல்லத்தான் முடியவில்லை. சர்ச் பெண்கள் இரண்டு பேர் ஞாயிற்றுக்கிழமை வந்து ஜெபம் செய்துவிட்டுப் போகிறார்கள். மற்ற நாட்களில் நானும் அவளும்தான்.

இந்த வீட்டைக் கிரகப்பிரவேசத்தன்று சுற்றிக் காட்டினேன், ஞாபகம் இருக்கிறதா? ஆளுயரத்துக்கு மேலே காம்பவுண்டு, கேட்டில் கேமரா, வாசலில் குழாய். மாடியில் அலெக்ஸுக்கு ஆபீஸ் அறை, மீட்டிங்கில் வெளிச்சத்தம் கேட்கக் கூடாது என்று ஜன்னலுக்கு இரட்டைக் கண்ணாடி. கீழே எங்கள் படுக்கை அறையை ஒட்டி, பாத்ரூமோடு, வெளியிலிருந்தே போக ஒரு கதவோடு தனி அறை. வந்தவர்கள் எல்லாம் அதைக் கொரோனா ரூம் என்று சொல்லிச் சிரித்தார்கள், தங்களுக்கும் ஒன்று வேண்டும் என்று பிளானைப் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. மாணிக்கம்மாள் மட்டும் சமையலறைக்குப் போய், புதுப் பெயின்ட் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டு, இந்தப் பக்கம் யாரு அண்ணே என்று கேட்டாள். யாரும் கிடையாது, முந்திரித் தோப்புதான் என்று நான் சொன்னேன். எவ்வளவு மிதப்பாகச் சொன்னேன் என்பது இப்போதும் என் காதில் கேட்கிறது.

அலெக்ஸ் அந்த மாடி அறையில் எட்டு மாதம் உட்கார்ந்தான். பிறகு கம்பெனி எல்லோரையும் ஆபீசுக்குக் கூப்பிட்டது, பெங்களூருக்குப் போய்விட்டான். அவனைக் குறை சொல்லவில்லை. கூப்பிட்டால் போகத்தானே வேண்டும்? அறையை வீணாக்கக் கூடாது என்று மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நான் மேலே போய் ஏசி போட்டுக்கொண்டு செல்போனில் எதையாவது பார்ப்பேன், அப்படியே கண் அசந்துவிடுவேன்.

அன்றைக்கும் அப்படித்தான் மேலே இருந்தேன். லிடியா கீழே சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. நாலு மணிக்கு மேல் யாரோ கேட்டைப் போட்டு உலுக்குவது கேமரா வழியாகப் போனில் தெரிந்தது. தோப்பில் காய்ந்த சருகு கூட்டி எடுக்க வரும் தனகோட்டி. விளம்பரம் ஒட்ட வந்த ஆளை விரட்டுகிற மாதிரி கோபத்தோடு இறங்கி வந்தேன். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

“செவுத்த யாரோ இடிக்கிற மாதிரி ரொம்ப நேரமா சத்தம் கேட்டுகினே இருந்துச்சிங்க. வூட்ல ஏதோ வேலை நடக்குதுன்னு நெனைச்சிகினு நானும் சும்மா இருந்துட்டேன். அப்பறம் சத்தம் நின்னுபோச்சிங்களா, அப்பத்தான் மனசு கேக்கல.”

சமையலறையில் லிடியா கீழே கிடந்தாள். இடது கையில் குழம்புக் கரண்டி. தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில் சுவரில் பெயின்ட் பெயர்ந்து பள்ளம் பள்ளமாக இருந்தது. எந்தச் சுவரில் தெரியுமா? கூடத்துப் பக்கத்துச் சுவரில் தட்டியிருந்தால் ஒருவேளை படிக்கட்டு வழியாக எனக்குக் கேட்டிருக்கும். அவள் தோப்புப் பக்கத்துச் சுவரைத் தட்டியிருக்கிறாள். குவார்ட்டர்ஸில் அடுப்புக்கு இடது பக்கம் உங்கள் சுவர். இங்கேயும் அடுப்புக்கு இடது பக்கத்தைத்தான் தட்டியிருக்கிறாள். விழுந்த மயக்கத்தில் எந்த வீட்டில் இருக்கிறோம் என்றே அவளுக்குத் தெரியவில்லை போல.

எப்படித் தட்டினாள் என்று தனகோட்டியைக் கேட்டேன். மூன்று தட்டு, கொஞ்சம் நிறுத்தி மறுபடி மூன்று தட்டு என்று தரையில் தட்டிக் காட்டினாள். சீக்கிரம் கொண்டு வந்திருந்தால் பேச்சாவது மிஞ்சியிருக்கும் என்று டாக்டர் சொன்னார். இந்த வீட்டை இந்த இடத்தில் கட்டியது நான்தான். வேறு யாரைக் குறை சொல்ல?

இப்போது உண்மையைச் சொல்கிறேன். மாணிக்கம்மா, நீ அன்றைக்குத் தட்டியது எனக்குக் கேட்டது.

முதல் தடவையே கேட்டது. மதியம் மூன்று மணி இருக்கும். நானும் லிடியாவும் சமையலறையில்தான் நின்றுகொண்டிருந்தோம். லிடியா உடனே ஈரக் கையோடு கதவுப் பக்கம் ஓடினாள். நான் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். உள்ளே பிள்ளை இருக்கிறான், நீ போய் நோயை வாங்கிக்கொண்டு வந்துவிடாதே என்றேன். நீ மறுபடியும் மூன்று தட்டு தட்டினாய். வைத்தி இழுத்து இழுத்து மூச்சு விடுவதுகூட எனக்குக் கேட்ட மாதிரி இருந்தது. அதற்கு மேல் காதால் கேட்க முடியாமல் மிக்ஸியைப் போட்டேன். ஜாரில் ஒன்றுமே இல்லை. வெறும் ஜாரை ஓடவிட்டு, நீ நிறுத்துகிற வரைக்கும் நின்றேன். மணிமொழி சென்னையிலிருந்து யார் யாருக்கோ போன் போட்டு ஆம்புலன்ஸ் வர ஒரு மணி நேரம் ஆயிற்று. அந்த ஒரு மணி நேரமும் நான் லிடியாவின் கையை விடவில்லை.

ஆம்புலன்ஸில் ஏறும்போது நீ எங்கள் ஜன்னலைத் திரும்பிப் பார்த்தாய். நான் திரைக்குப் பின்னால் நின்றிருந்தேன்.

லிடியா இதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆனால் அதற்குப் பிறகு அந்த மிக்ஸியை அவள் தொடவில்லை. குவார்ட்டர்ஸைக் காலி செய்கிற வரைக்கும் சட்னியை அம்மியில்தான் அரைத்தாள். கை வலிக்குமே என்று நானும் நல்லவன் மாதிரி கேட்டேன். திரும்பிப் பார்த்துவிட்டு அரைத்துக்கொண்டே இருந்தாள். நீ ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய பிறகு வேலிக்கு மேல் கஞ்சிப் பாத்திரம் வைத்தது யார் என்று கேட்டாயாம். அவள்தான். எனக்குத் தெரியாமல் வைத்தாள்.

கொரோனாவுக்குப் பயந்து தனி வீடு கட்டினேன் என்று ஊரெல்லாம் சொன்னேன். அந்த நேரத்தில் எல்லோரும் அதையே சொல்லிக்கொண்டிருந்ததால் ஒருவரும் சந்தேகப்படவில்லை. நான் பயந்தது அந்தச் சுவருக்கு. நீங்கள் திரும்பி வந்த பிறகு உங்கள் வீட்டில் டம்ளர் வைக்கிற சத்தம் கேட்டால்கூட எனக்கு உடம்பு கூசியது. ரிட்டையர் ஆன பிறகும் சாகிற வரைக்கும் அந்தச் சுவரோடு இருக்க வேண்டுமா என்று நினைத்துத்தான் வடலூர் மனையை வேண்டாம் என்றேன். மற்றதெல்லாம் கொளஞ்சியப்பனிடமிருந்து இரவல் வாங்கிய காரணங்கள்.

அதனால் உன் பெயரில் வரவேண்டிய பத்திரம் வராமல் போயிற்று வைத்தி. வேறு ஆள் சேர்த்துக்கொள் என்று வாய் கூசாமல் எழுதினேன். நீ யாரையும் சேர்க்கவில்லை, என்னை ஒரு கேள்வியும் கேட்கவில்லை. மகள் வீட்டுக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாய். நீ திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

இந்த வீட்டை விற்றுவிடலாம் என்று கொளஞ்சியப்பனிடம் போன மாதம் சொன்னேன். அவர் தலையைச் சொறிந்தார். நாலு குடும்பத்தைக் கூட்டி வந்தும் காட்டினார். மாடி அறையில் ஒருவர் தையல் மிஷின் போடலாம் என்றார், இன்னொருவர் சாமி அறை ஆக்கலாம் என்றார். பிறகு எல்லோரும் வெளியே வந்து இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, அவசரத்துக்குப் பக்கத்தில் யார் இருக்கிறார்கள், ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம் என்று கேட்டார்கள். இப்போது எல்லோரும் மறுபடியும் வடலூர், குள்ளஞ்சாவடி என்று கடைத்தெரு பக்கமே கேட்கிறார்களாம். கிரகப்பிரவேசத்தன்று இந்த வீட்டு பிளானைப் போட்டோ எடுத்துக்கொண்டு போனவர்களில் ஒருவரும் அந்தக் கூட்டத்தில் இருந்தார். எனக்குக் கோபம் வரவில்லை, அவர் தப்பித்தார் என்றுதான் நினைத்தேன்.

லிடியா இப்போதும் தட்டுகிறாள். கட்டிலில் படுத்தபடி இடது கையால் பக்கத்துச் சுவரைத் தட்டுகிறாள். முதலில் தண்ணீர் கேட்கிறாள் என்று ஓடுவேன். வேண்டாம் என்று தலையை ஆட்டுவாள். தலையணை? ஃபேன்? எல்லாவற்றுக்கும் இல்லைதான். டிசம்பரில் ஒருநாள் வாயைக் கோணிக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரும் அளவுக்கு முயற்சி செய்து, ஒரு சொல்லில் பாதி சொன்னாள். “மாணி” என்றாள். நோய் வந்த பிறகு அவள் வாயிலிருந்து வந்த முதல் சொல் அது. என் பெயரை இன்னும் சொல்லவில்லை.

அவள் தட்டுகிற சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பது அந்தத் தனி அறை. காய்ச்சல்காரரை ஒதுக்கி வைக்கக் கட்டிய அறையில் இதுவரை ஒருவரும் படுத்ததில்லை. போன வாரம் அதைத் திறந்து ஒட்டடை அடித்துக் கழுவிவிட்டேன். இரண்டு கட்டில் போட்டிருக்கிறேன். ஜன்னல் கிழக்கே, காலை வெயில் வரும். வைத்திக்கு ரேடியோ வைக்க ஒரு பலகை அடித்திருக்கிறேன். அலெக்ஸிடமும் எல்லாவற்றையும் சொன்னேன், மிக்ஸி வரைக்கும். அத்தையையும் மாமாவையும் கூப்பிடுங்கப்பா, வரமாட்டேன் என்றால் நானே போய்க் கூட்டி வருகிறேன் என்றான்.

பத்து நாளோ பத்து வருடமோ, உங்கள் மனம்போல. சமையலுக்கு வேண்டாம், அவளைப் பார்த்துக்கொள்ளவும் வேண்டாம், அதெல்லாம் நான் செய்கிறேன். பொங்கலுக்குப் போன் செய்தபோது மாணிக்கம்மாள் சொன்னாள், நாலு பக்கமும் செவுருதான் அண்ணே, எந்தச் செவுத்துக்கு அப்பால யாருன்னு தெரியல என்று. அன்றிலிருந்து அந்தப் பேச்சு எனக்குள் கிடந்து அறுக்கிறது. மன்னிக்கச் சொல்லி இதை எழுதவில்லை. மன்னிக்காமலே வாருங்கள், வந்து அந்த அறையில் இருந்து என்னைத் திட்டுங்கள். எனக்குக் கேட்கும்.

ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். நேற்று அவள் தட்டியபோது நான் அந்த அறைக்குப் போய், கரண்டிக் காம்பால் இந்தப் பக்கமிருந்து பதில் தட்டினேன். அவள் தட்டுவது நின்றுவிட்டது. சந்தோஷமாகி, ஓடி வந்து முகத்தைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்து இல்லை என்று தலையை ஆட்டினாள். யார் தட்டியது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. பத்தொன்பது வருடம் அதே வீட்டில் இருந்தும், நீ எப்படிப் பதில் தட்டுவாய் என்று நான் ஒருநாளும் காது கொடுத்துக் கேட்டதில்லை மாணிக்கம்மா.

கர்த்தர் உங்களுக்கு நீண்ட ஆயுளும், இந்தப் பக்கம் வர மனமும் தரட்டும். இன்றும் அவள் மூன்று தட்டுதான் தட்டினாள்.

உங்கள் பதிலுக்காகக் காத்திருக்கும்,
சைமன்ராஜ்